பின்சீட்டு ஃபேன்

சனி, மே 14, 1994

காலில் மாவுக்கட்டோடு இருக்கும் அப்பாவுக்கு ஜீப்பின் பின்பக்கத்தில்தான் காலை நீட்டி உட்கார இடம். அங்கே காற்றே வராது. அதனால் காலையில் மச்சான் குமார் ஒரு சின்ன ஃபேனை மாட்டி, பக்கத்திலேயே இருந்த பின்விளக்கு ஒயரிலிருந்து கரண்ட் எடுத்தான். "பேட்டரி வரிக்கும் இன்னாத்துக்கு மாமா ஒயர் இழுக்கணும்?" என்றான். வாசலில் ஃபேன் ஜோராகச் சுற்றியது.

பட்டாபிராமைத் தாண்டுவதற்குள் நின்றுவிட்டது. ரயில்வே கேட்டில் காத்திருந்தபோது தானாகச் சுற்றியது. கிளம்பினால் மறுபடி நின்றது. பூந்தமல்லி ஆஸ்பத்திரிவரை இதே கதை. ஒயர் லூசாக இருந்தால் குலுங்கும்போதுதானே நிற்கும்? இதுவோ ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் கொஞ்சம் சுற்றியது.

வீட்டுக்குத் திரும்பி, வாசல் சரிவில் பிரேக்கை மிதித்து நிறுத்தியதும் ஃபேன் சுற்றியபோதுதான் பொறி தட்டியது. இந்த வண்டியில் ஹேண்ட் பிரேக் பிடிக்காது. காலையில் குமார் ஃபேனைப் போட்டுப் பார்த்தபோதும் நான் பிரேக்கை மிதித்துக்கொண்டுதான் இருந்தேன். அவன் எடுத்தது பிரேக் லைட்டின் ஒயர்!

நாளைக்கே மாற்றிவிடலாம் என்றேன். அப்பா விடவில்லை.

"அப்டியே உடுடா. எனக்குக் காத்து வரணும்னா நீ பிரேக்கப் புடிக்கணும். மெதுவா ஓட்டு, மெதுவா ஓட்டுன்னு இத்தினி வருசமா கத்திகினு கீறேன், கேட்டியா நீ?"

குமார் சிரித்தான். எனக்கு ரோஷம் வந்தது.

செவ்வாய்க்கிழமை மறுபடி பூந்தமல்லி. ஒயரை மாற்றப்போவதில்லை. எப்படி ஓட்டப்போகிறேன் என்று எனக்கே பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.