புல்தரையில் ஒரு நடைவழி

என் கண்ணு மகளே,

ஆண்டவர் உன்னைச் சுகமாய் வைத்திருக்கிறார் என்று நம்பித்தான் எழுதுகிறேன்.

போன ஞாயிறு உன் கார் நம் வீட்டு முன்னால் மெதுவாக வந்து, நிற்காமல் போய்விட்டதாம். எதிர்வீட்டு ஜெயலீலா ஆன்ட்டி சொன்னார்கள். "புல்லெல்லாம் செத்துக் கிடக்கே, பிள்ளை பயந்திருக்கும்" என்றார்கள்.

சாகவில்லை. அந்தப் பையன் எரிக்கைத்தான் கல்யாணம் கட்டுவேன் என்று அப்பாவிடம் சண்டை போட்டுவிட்டு நீ போன பிறகு, ஜூனில் பழைய புல்லை எடுத்துவிட்டு பெர்முடா புல் வைத்தோம். நம் சான் ரமோன் ஊர் வெயிலுக்கு இதற்குப் பாதித் தண்ணீர் போதும், மீட்டர் பார்த்து எழுதி வைத்திருக்கிறேன். இந்தக் குளிர்காலத்தில் பழுப்பாகித் தூங்கும். ஏப்ரலில் பச்சையாகிவிடும்.

நட்டதெல்லாம் அப்பாதான். காரை நிறுத்திவிட்டு நீ புல்லை மிதித்துக் குறுக்கே வருவாயே, அவர் கத்துவாரே, அந்த வழியில் மட்டும் புல் வைக்காமல் கல் பதித்திருக்கிறார். உன் பழைய ஷூவை வைத்து, கல்லுக்குக் கல் உன் நடைக்கு அளந்து பதித்தார்.

"எரிக்குக்கு இந்த அளவு பத்துமாங்க?" என்று கேட்டேன்.

"அவனுக்கு நெட்டைக் கால். ரெண்டு ரெண்டு கல்லாத் தாண்டி வரட்டும்" என்றார்.

இந்த ஞாயிறு ஆராதனை முடிந்து பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. நாலு தட்டு வைக்கிறேன்.

ஜெபத்தோடு,
அம்மா