பச்சையாகவே வாடியது

பிப்ரவரி 4

தக்காளியில் நடு வரிசையில் சில செடிகள் மத்தியானம் தலையைத் தொங்கப்போட்டுவிட்டு, சாயங்காலம் ஒன்றும் தெரியாததுபோல் நிமிர்ந்துவிட்டன. வெயில்தான். "தண்ணி பத்தல, இன்னொரு தடவ விடு" என்றார் இவர். விட்டேன். காய் கோலிகுண்டு அளவுக்கு வந்தாச்சு, இப்போ போய்த் தண்ணீரில் கஞ்சத்தனம் பண்ண முடியுமா?

எங்கள் வயலைத் தாண்டித்தான் வாய்க்கால் கீழே அக்கா வயலுக்குப் போகிறது. அத்தான் இருந்தவரை இந்தத் தண்ணீருக்காகவே இரண்டு வீட்டுக்கும் பேச்சு கிடையாது. அவர் போனபிறகு அக்கா தனி ஆளாகக் கத்தரி போட்டிருக்கிறாள். இன்று மிச்சத்தையெல்லாம் அவள் பக்கம் திருப்பிவிட்டேன். "போதும்டி, முங்கிடப் போகுது!" என்று வரப்பில் நின்று கத்தினாள். "குடிக்கட்டும் விடுக்கா" என்றேன். சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாச்சு.

பிப்ரவரி 7

அந்த வரிசையில் பாதி போச்சு. இப்போது சாயங்காலமும் நிமிரவில்லை.

இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வெள்ளை ஈ இல்லை, அசுவினி இல்லை, புழு கடித்த ஓட்டை இல்லை. ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பார்த்தேன், நூற்புழு முடிச்சும் இல்லை. இலை மஞ்சளாகி வாடினால் ஒரு நியாயம் இருக்கு. இது பச்சையாகவே வாடுது. என்ன எழவுடா இது?

மருந்துக்கடைக்காரரிடம் செடியை எடுத்துப்போனேன். அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, பாட்டிலை எடுத்து வைத்துவிட்டார். "வேர்ல ஊத்துங்க, எந்திரிச்சு உக்காந்துரும்."

"எதுக்கு வந்தாலும் இதே பாட்டில்தான் குடுக்குறீங்க."

"எல்லாத்துக்கும் கேக்குதேம்மா!"

பிப்ரவரி 8

மருந்து ஊற்றினோம். மேலே தண்ணீரும் விட்டோம். கீழேயும் நிறையப் போனது.

பிப்ரவரி 11

எந்திரிக்கவும் இல்லை, உக்காரவும் இல்லை. பக்கத்து வரிசையும் படுத்துவிட்டது.

தோட்டக்கலை அலுவலருக்குப் போன் போட்டேன். தண்டை அடியில் வெட்டி, கண்ணாடி டம்ளரில் சுத்தமான தண்ணீர் வைத்து, நுனி மட்டும் முங்குகிறமாதிரி தொங்கவிடச் சொன்னார். ஆட்டக்கூடாதாம். குச்சியில் நூலால் கட்டி சமையலறை ஜன்னலில் வைத்தேன். "செடிக்கு ஜோசியம் பாக்குறியா?" என்று இவர் டீயை உறிஞ்சிக்கொண்டே கிண்டல் பண்ணினார்.

டீ முடியவில்லை. வெட்டின இடத்திலிருந்து வெள்ளையாக ஒரு இழை இறங்கியது, பால் வடிகிறமாதிரி. அப்புறம் இன்னொன்று. இவர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

திரும்பப் போன் போட்டு அலுவலரிடம் சொன்னேன். "பாக்டீரியா வாடல்மா. இதுக்கு மருந்து இல்ல." கிருமி மண்ணில் இருக்கிறதாம், தண்ணீர் போகிற பக்கமெல்லாம் போகுமாம். எல்லாவற்றையும் பிடுங்கி எரிக்கணும். அடுத்த வயலில் கால் வைக்கும்முன் காலையும் மண்வெட்டியையும் கழுவணும். தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை எதையும் சில வருஷத்துக்கு நினைத்தே பார்க்கக்கூடாது.

"கீழ யாராவது பயிர் வச்சிருக்காங்களா?"

எங்க அக்கா என்றேன். என்ன பயிர் என்று கேட்டார். கத்தரி என்றேன்.

பிப்ரவரி 12

வாய்க்காலை அடைக்கப் போனேன். இவர் தடுத்தார். "சொல்லாம அடைச்சா பழைய கதைன்னு நினைப்பா. மொதல்ல போய்ச் சொல்லு." சரிதான். காலைக் கழுவிக்கொண்டு போய் எல்லாம் சொன்னேன், டம்ளர் உட்பட.

அக்கா கேட்டுக்கொண்டே களை பிடுங்கினாள். "வெயில் ஏறுற நேரத்துல தண்ணிய நிறுத்த ஒரு காரணம் வேணும். இந்தத் தடவ வியாதியா? உன் வீட்டுக்காரர் சொல்லிக் குடுத்தாரா?"

"உன் பயிரக் காப்பாத்தத்தான்க்கா சொல்றேன்! மண்டையில ஏறவே ஏறாதா உனக்கு?"

"என் பயிர் காயறது என் கண்ணுக்குத் தெரியுது. உன் டம்ளர் எனக்குத் தெரியாது. போடி."

அழுதுகொண்டே வந்து வாய்க்காலை அடைத்தேன். அந்த டம்ளரைக் கையோடு எடுத்துப்போயிருக்கலாமே? புத்தி கெட்டவ நான்.

பிப்ரவரி 13

காலையில் அடைப்பை அக்கா வெட்டித் தள்ளியிருந்தாள். தண்ணீர் சலசலவென்று எங்கள் மண்ணை இழுத்துக்கொண்டு கீழே போகிறது. திரும்ப அடைத்தேன். மத்தியானம் திரும்ப வெட்டியிருந்தாள். "தெரிஞ்சே கிணத்துல விழறவள என்ன பண்றது, விடு" என்கிறார் இவர். எப்படி விடறது? என் அக்கா.

பிப்ரவரி 15

பிடுங்கினோம். வாடாததையும் சேர்த்து. நல்ல செடியைப் பிடுங்கும்போது கை வரமாட்டேன் என்றது. பச்சைச் செடி லேசில் எரியாது, வைக்கோல் போட்டு எரித்தோம். காயெல்லாம் நெருப்பில் பட்பட்டென்று வெடித்தது. இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

அக்கா வரப்பில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். வரவில்லை.

பிப்ரவரி 16

வாய்க்கால் அடைத்திருக்கிறது. நாங்கள் அடைக்கவில்லை. அவள் பக்கத்திலிருந்து, கல் வைத்து, மண் பூசி.

பிப்ரவரி 19

கத்தரி பூ விட்டிருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் நன்றாகத்தான் இருக்கு. கிட்டப் போகப் பயமாயிருக்கு.

பிப்ரவரி 22

மத்தியானம் அக்கா வந்தாள். எத்தனையோ வருஷம் கழித்து என் சமையலறையில். முந்தானைக்குள்ளிருந்து ஒரு கத்தரித் தண்டை எடுத்தாள். "அந்த டம்ளர எடு."

தண்ணீர் ஊற்றித் தண்டைக் கட்டினேன். தண்டு ஆடியது. "ஆட்டாதடி, ஆட்டக்கூடாதுன்னு நீதானே சொன்ன" என்றாள். இரண்டு பேரும் மூச்சுவிடாமல் பார்த்தோம். ஒன்றும் வரவில்லை. "ஒண்ணும் இல்லல்ல?" என்று என் கையைப் பிடித்தாள். பிடித்த கையை எடுப்பதற்குள் இழை இறங்கிவிட்டது.

"நான் விட்ட தண்ணிதான்க்கா. குடிக்கட்டும்னு நான்தான் வாரி விட்டேன்..."

"நான் வெட்டி விட்ட தண்ணியும்தான்" என்றாள். அழவில்லை. தண்டை டம்ளரிலிருந்து எடுத்துக்கொண்டே, "வைக்கோல் மிச்சம் இருக்கா?" என்று கேட்டாள்.

இருக்கிறது என்றேன். நாளைக்கு அவள் வயலில் பிடுங்கணும்.

அவள் போனதும் வழக்கம்போல மண்வெட்டியைக் கழுவ உட்கார்ந்தேன். பாதி கழுவினபிறகுதான் உறைத்தது. அவ வயலுக்கும்தான் வந்துடுச்சே, இனிமே எதுக்குக் கழுவணும்? அப்படியே வைத்துவிட்டேன்.