பூசின எண்ணெயும் வெள்ளைச் சேலையும்

மரியே வாழ்க

சிலாவத்தை, முல்லைத்தீவு.
மாசி 1999

அன்பு மகள் கிறேசுக்கு,

கர்த்தரின் கிருபையால் நாங்கள் எல்லோரும் இங்கே சுகம். எல்லோரும் என்பதற்குள் என்னையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன், நன்றாக வாசித்துக்கொள். நீயும் மருமகனும் பிள்ளைகளும் அந்தக் குளிருக்குள் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். இனி நான் எழுதப்போவது உனக்கு இனிக்காது. ஆனாலும் கடைசிவரை வாசி.

கொழும்பில் என்னைக் குழாய்க்குள் ஊதவைத்துப் பார்த்த டொக்டரோடு நீ ரெலிபோனில் கதைத்தாய். சரி, மகள் விசாரிக்கத்தான் வேண்டும். அவர் சொன்னதை எனக்கு மறைத்தாய், அதையும் பொறுப்பேன். மறைக்க அதில் ஒன்றுமில்லை. என் தலைக்கு மேலால் அவர் இங்கிலிசில் சொன்னதெல்லாம் இங்கிலிஸ் படிப்பித்த எனக்கு விளங்காமலா போயிருக்கும்? ஆனால் என்னை ஒரு வார்த்தை கேட்காமல், அம்மாவுக்குக் கடைசிப் பூசுதல் கொடுங்கள், சாகுமுன் எண்ணெய் பூசிவிடுங்கள் என்று பங்குச் சுவாமிக்கு எழுத உனக்கு யார் அதிகாரம் தந்தது?

அன்றைக்கு நான் கிணற்றடியில் பலகைக்கட்டையில் இருந்து இறால் உரித்துக்கொண்டிருந்தேன். சுவாமி சைக்கிளில் வர, பின்னால் கோயில் மணியடிப்பவர் கைமணியை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். மணி கேட்டதும் ஒழுங்கை முழுக்கச் சனம் வாசலில் முழங்காலில் நின்றது. பக்கத்து வீட்டு செபமாலை, "ஐயோ ரீச்சர், போறதுக்கு முதல் ஒருக்கா என்னோட கதையுங்கோ" என்று தலையிலடித்துக்கொண்டு வந்தாள். நான் இறால் கையோடு அவளைப் பார்த்து, உன் சட்டி இன்னும் என் குசினியில்தான் இருக்கிறது, முதலில் அதை எடுத்துக்கொண்டு போ என்றேன். சுவாமி பாவம், வெட்கப்பட்டு, "ரீச்சர், இது வருத்தக்காரருக்குத்தான், சாகிறவைக்கு மட்டும் எண்டில்லை" என்றார். அது எனக்குத் தெரியும் சுவாமி, இந்த ஊருக்குத் தெரியுமா என்று கேட்டேன். வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக்கூடாதென்று கை கழுவிவிட்டு நெற்றியைக் காட்டினேன்.

அந்த எண்ணெய் பட்டதோடு இந்தக் கரையில் நான் செத்த கணக்குத்தான். உன் தம்பியின் பெண்சாதி மெற்றில்டா என் கட்டிலைத் தூக்கிப் சுவரிலுள்ள மாதா படங்களைப் பார்க்கத் திருப்பிப் போட்டாள், "மச்சாள் எழுதினவா மாமி, நீங்கள் எழும்பி நடக்கக்கூடாதாம்" என்கிறாள். அதுகூடப் பரவாயில்லை. என்னிடம் பின்னேரம் படிக்க வந்த பிள்ளைகள் ஒருவரும் வருவதில்லை. "ரீச்சர் போகப்போற நேரம், கரைச்சல் குடுக்கக்கூடாது" என்று தாய்மார் மறித்துவிட்டார்கள். செபமாலையின் பேத்தி கம்சாவுக்கு இந்த ஆவணியில் புலமைப்பரிசில் சோதனை. இடம்பெயர்ந்து திரிந்ததில் இரண்டு வருடப் படிப்புப் போன பிள்ளை அது. நீ என் மூச்சைக் காப்பாற்றவில்லை கிறேஸ், நான் மூச்சு விடுவதன் காரணத்தைப் பறித்துவிட்டாய்.

நாலில் ஒரு பங்கு நெஞ்சுதான் வேலை செய்கிறதாம். நாலில் ஒன்று என்றால் பூச்சியமா? உனக்குப் பின்னக் கணக்குப் படிப்பித்ததும் நான்தான். நூற்றுக்கு இருபத்தைந்து எடுத்த பிள்ளையின் பெயரை நான் ஒருநாளும் வகுப்பு வரவு இடாப்பில் வெட்டியதில்லை. இருக்கிற காற்றை வீணாக்காமல் செலவழிக்கப் பழகிவிட்டேன். சுடுகஞ்சியை ஆற்றுவதுபோல் உதட்டைக் குவித்து மெதுவாக வெளியே விடுகிறேன். குளிப்பது கதிரையில் இருந்து. அடுப்பை வெளிக் கொட்டிலுக்கு மாற்றிய பிறகு இருமல் பாதியாகிவிட்டது. சொல்வதெழுதுதலுக்குச் சின்ன வசனம்தான் சொல்ல முடியும், அதனால் பிள்ளைகளுக்குப் பிழையும் குறைவு. சில நாள் காலையில் மூச்சு முட்டும், பயமாகவும் இருக்கும், பொய் சொல்லமாட்டேன். அந்த நேரம் கட்டில் விளிம்பைப் பிடித்துக் குனிந்திருப்பேன், அது போய்விடும். நான் குணமாவேன் என்று சொல்லவில்லை. செத்தபிறகு சாகிறேன் என்றுதான் சொல்கிறேன்.

வவுனியாவால் வந்தவரிடம் நீ கொடுத்துவிட்ட வெள்ளைப் பட்டுச் சேலையும் கிடைத்தது. எதற்கென்று நீ எழுதவில்லை. மெற்றில்டா அதைப் பிரித்தவுடன் அழுதாள், என்னைப் பெட்டிக்குள் வைக்கும்போது உடுத்திவிடத்தான் என்று அதில் விளங்கிக்கொண்டேன். போன ஞாயிறு அதையே உடுத்திக்கொண்டு பூசைக்கு நடந்தேன். வழியில் வீடு வீடாக இருந்து ஆறி, ஊர்க்கதை எல்லாம் கேட்டு, பிரசங்கம் முடிகிற நேரம்தான் போய்ச் சேர்ந்தேன். பூசை முடிய வாசலில் நின்று, நாளைக்குப் பிள்ளைகளை அனுப்புங்கோ என்றேன். எல்லோரும் சேலையையே பார்த்தார்கள். செபமாலைதான், "ரீச்சர், பேய் வந்து கணக்குப் படிப்பிச்சாலும் என்ர பேத்திக்கு அதுவே காணும்" என்றாள். கோயில் வாசலே சிரித்தது.

திங்கள் நாலு பிள்ளைகள்தான் வந்தார்கள். மற்றவர்களும் வரவேண்டுமென்றால் நீ பிழையாக எழுதியதை நீயே சுவாமிக்குத் திருத்தி எழுது. பூசையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். மெற்றில்டாவுக்கும் தனியாக எழுது, பாவம், உன் சொல்லுக்குப் பயப்படுகிறாள். வருபவர் யாரிடமாவது மூச்சு முட்டும்போது வாயால் இழுக்கிற மருந்தும் பேனைகளும் கொடுத்துவிடு, சோதனைச் சாவடியில் மறிக்காமலிருக்க டொக்டர் எழுதித் தரும் துண்டையும் சேர்த்து அனுப்பு.

உன் மேல் உள்ள கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் உனக்கும் உன் பிள்ளைகளுக்கும் ஆண்டவர் நீண்ட ஆயுளும் நல்ல மூச்சும் தரட்டும். தலை முழுகிவிட்டு ஈரத்தோடு வெளியே போகாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
நேசமலர் ரீச்சர்

பி.கு: திங்களும் அந்தச் சேலையோடுதான் படிப்பித்தேன். கம்சா மைப்போத்தலைத் தட்டி மடி முழுக்க ஊற்றிவிட்டாள். நான் ஏசவில்லை. கழுவியும் போகவில்லை. இனி அது வேறு ஒன்றுக்கும் உதவாது, படிப்பிக்கத்தான் உடுக்கலாம்.