வாடின செடிக்கும் குழுவில் இடம் கொடு

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் சௌக்கியம், அப்பாவின் முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முன்னாலேயே செய்தி வாசித்துவிடுகிறது, மற்றபடி ஒரு குறையும் இல்லை. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, நிம்மதியாகத் தூங்கி, உடம்பும் மனசும் நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் நினைப்பு. போன் இருக்கும்போது இதென்ன கடுதாசி என்று சிரிப்பாய். போனில் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் ‘சரிம்மா சரிம்மா’ என்று பேச்சைச் சுருட்டி வைத்துவிடுகிறாய், தாளில் எழுதினால் நடுவில் வெட்ட முடியாதல்லவா. தபாலில் போட்டால் மாதக் கடைசிக்குள் வந்து சேராது என்பதால் அப்பா பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புவார், எழுத்துக்கு நடுவே அவர் கட்டைவிரல் தெரிந்தால் அதையும் ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொள்.

நான் வேலை செய்கிற சலவைக்கடையில் புது இயந்திரம் வந்திருக்கிறது, அது போடுகிற சத்தத்தில் முதலாளியம்மா திட்டுவதுகூடக் காதில் விழுவதில்லை, அந்த மட்டும் லாபம். அப்பா உன் அறையைக் கூட்டுகிறேன் என்று துடைப்பத்தோடு போய் உன் நாற்காலியில் உட்கார்ந்து தூங்கிவிடுகிறார், எழுப்பினால் தூசி தானாக அடங்கட்டும் என்று காத்திருந்தாராம். சரி, விஷயத்துக்கு வருகிறேன். போனில் நீ நடத்துகிற செடிக் குழுவை இந்த மாதக் கடைசியில் மூடப்போவதாகச் சொன்னாயே, அதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. வேலை கிடைத்து அந்த ஊருக்குப் போன புதிதில், பேச ஒரு ஆள் இல்லை என்று நீதானே அதை ஆரம்பித்தாய். ஜன்னலோரம் தொட்டி வைத்திருக்கிற யார் வேண்டுமானாலும் வரலாம் என்றாய், என்னையும் இழுத்துச் சேர்த்தாய். இப்போது ‘நானூறு பேர் இருக்காங்கம்மா, நாலு பேர்கூட வாயத் தொறக்கல, வெறும் சுவத்துக்கிட்ட எத்தனை நாள் பேசறது’ என்கிறாய். உன் குரல் அன்றைக்குக் கம்மியிருந்தது, சளி என்றாய், நான் நம்பவில்லை.

என் மணி பிளான்ட் கூத்து உனக்குப் பாதிதான் தெரியும். உனக்கு மட்டும் அனுப்ப வேண்டிய படத்தைத் தவறிப்போய்க் குழுவுக்கே அனுப்பிவிட்டேன், ‘கண்ணு, நீ குடுத்துட்டுப் போன மணி பிளான்ட் மஞ்சளாப் போச்சு, திட்டாதே, உன் ஞாபகம் வர்றப்பல்லாம் ஒரு டம்ளர் தண்ணி ஊத்தினேன், அதுக்கு மேல நான் ஒண்ணும் பண்ணல’ என்ற வரியோடு. மானம் போயிற்று என்று தலையில் கை வைத்துக்கொண்டேன். மணி பிளான்ட்டைச் சாகடிக்கத் தனித் திறமை வேண்டும் என்று அப்பா வேறு. அதற்குள் யாரோ ஒரு பஸ் டிரைவர், ‘ஒரு நாளைக்கு எத்தனை தடவைம்மா ஞாபகம் வரும்?’ என்று கேட்டிருந்தார். இன்னொரு அம்மா தொட்டிக்கு அடியில் ஓட்டை இருக்கிறதா என்று கேட்டாள், தூக்கிப் பார்த்தேன், அழகாய்ப் பூப் போட்ட பீங்கான் தொட்டி, ஓட்டை மட்டும் இல்லை, உள்ளே தேங்கியிருந்த தண்ணீரெல்லாம் அப்பா படித்துக்கொண்டிருந்த பேப்பரில். அதைச் சொன்னதும் ஆளாளுக்குத் தாங்கள் கொன்ற செடிகளைப் பற்றி எழுத ஆரம்பித்துவிட்டார்கள். அந்த நேரத்தில்தான் நீ எல்லாவற்றையும் அழித்தாய். நலமான செடிகளின் படம் மட்டும் என்பது உன் விதி, அம்மாவுக்கென்று தனிச் சட்டமா என்று நினைத்திருப்பாய், நியாயம்தான். ஆனாலும் கொஞ்சம் சுருக்கென்றது, பொய் சொல்ல மாட்டேன்.

நீ அழித்த பிறகு அவர்கள் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொருவராக எனக்குத் தனியாக எழுதி, ‘செடி என்னாச்சும்மா’ என்று கேட்கிறார்கள், எல்லாரும் நீ ஊமைகள் என்று நினைத்தவர்கள். மாதா மாதம் நீ குழுவில் வைக்கிற அழகான செடிப் போட்டியில் ஜெயிக்கிறாரே கண்ணாடி வீடு கட்டிச் செடி வளர்க்கிற பெரியவர், அவரே எழுதினார், ‘படத்துல தெரியறது முன் வரிசைதாம்மா, பின்னாடி காலித் தொட்டி மலையா கெடக்கு, அதக் காட்டினா பரிசு கொடுத்தவங்க திருப்பிக் கேப்பாங்களோன்னு பயம்’ என்று. சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வந்துவிட்டது. உன் விதியில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை கண்ணு, பார்க்க லட்சணமாக இருந்தால் புதிதாய் ஆட்கள் வருவார்கள் என்றுதானே போட்டாய். வந்தார்கள், பார்த்தார்கள், நம் செடி இந்தச் சபைக்கு லாயக்கில்லை என்று ஓரமாக உட்கார்ந்துவிட்டார்கள். கடைக்கு ஒருமுறை வந்தவர் மறுபடி வருவது துணி வெளுப்பதற்காக மட்டுமா, போன தடவை கொண்டுவந்த சட்டையில் அந்த மசிக்கறை போயிற்றா என்று நான் கேட்கிறேனே, அதற்கும்தான். நீ புதிதாய் வருகிறவர்களுக்கு ஒரே வரவேற்பை அச்சடித்த மாதிரி ஒட்டிவிட்டு மறந்துவிடுகிறாய். பேரையாவது சொல்லி, வீட்டில் என்ன செடி, அது எப்படிப் படுத்துகிறது என்று ஒரு வார்த்தை கேட்டுப் பார். போட்டி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், அந்த விதியை மட்டும் எடுத்துவிடு.

இதை மட்டும் சொல்வதானால் உன் ‘சரிம்மா’வுக்கு நடுவே போனிலேயே சொல்லியிருப்பேன். போன வாரம் வீடியோவில் பேசும்போது நீ சட்டென்று போனைத் திருப்பினாய், நான் அதற்குள் பார்த்துவிட்டேன். உன் ஜன்னலில் இருக்கிற தொட்டிகள் அத்தனையும் காய்ந்து சருகாய் நின்றன. அன்றிலிருந்து அப்பாவிடம் இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஊரெல்லாம் செடி வளர்க்கச் சொல்லிக்கொடுக்கிற பெண் தன் ஜன்னல் பக்கமே போகாமல் எத்தனை நாளாக இருக்கிறாள், செடிக்கு ஒரு வாய் தண்ணீர் ஊற்ற மனசு வராதவள் தனக்கு மட்டும் அடுப்பு பற்றவைத்துச் சாப்பிட்டிருப்பாளா என்று. வேலையில் கஷ்டமா, யாராவது ஏதாவது சொன்னார்களா, ஒன்றுமே இல்லாமல் வெறுமனே மனசு கனக்கிறதா, எதுவாக இருந்தாலும் எனக்குச் சொல்லலாம். நன்றாக இருக்கிறவர்கள் மட்டும் வரலாம் என்று விதி போட்டுவிட்டு, தாயே, நீயே வாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருக்கிறாய். நீ நன்றாக இருக்கும்போது மட்டும் எனக்குப் போன் செய்கிறாய் என்பதும் எனக்குத் தெரியும்.

மஞ்சள் குடை என்ற பெயரில் உன் குழுவில் ஒருவர் இருக்கிறார், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நர்ஸம்மா. மணி பிளான்ட்டின் தண்டை வெட்டிப் பாட்டிலில் போட்டு வேர் விடச் சொல்லி அவர் எனக்கு அனுப்பிய படத்தில் அவருடைய ஜன்னல் தெரிந்தது, அதற்கு வெளியே நீல நிறத் தண்ணீர் டேங்க், உச்சியில் உடைந்த ஏணி. நீ மொட்டைமாடியில் நின்று வீடியோவில் பேசும்போதெல்லாம் உன் தோளுக்குப் பின்னால் தெரியுமே, அதேதான். எந்த ஊர் என்று கேட்டேன், உன் ஊர். உன்னைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை, சத்தியம். இத்தனை மாதமாக இரண்டு பேரும் ஒரே டேங்க்கைப் பார்த்துக்கொண்டு, ஒரே குழுவில் பேசாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள். அவரும் தனியாகத்தான் இருக்கிறாராம், பேச்சுக்கு ஆள் கிடைத்தால் விடமாட்டேன் என்று அவரே சொன்னார்.

அதனால் ஒன்று செய். இருப்பதிலேயே மோசமாகக் காய்ந்த தொட்டியைப் படம் எடுத்து, ‘இதை நான்தான் சாகடிச்சேன்’ என்று குழுவில் போடு. அவர் கட்டாயம் கேட்பார். பிறகு எங்கே இருக்கிறார் என்று விசாரித்து அந்தத் தொட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு அவரைப் பார்க்கப் போ. செடி பிழைத்தால் சந்தோஷம், பிழைக்காவிட்டால் போகட்டும், செடிக்காக நான் உன்னை அனுப்பவில்லை. அந்த ஊரில் நீ உட்கார ஒரு வீட்டில் ஒரு நாற்காலி இருக்கிறது என்று தெரிந்தால் எனக்குத் தூக்கம் வரும்.

எந்த வினையும் உன்னை அண்டாமல், சிரித்த முகமாய், நாலு பேர் சூழ நீ நன்றாக இருக்க வேண்டும். குழுவை மூடுவதானால் மூடு, ஆனால் படத்தைப் போட்ட பிறகு ஒரு நாள் பொறுத்து மூடு, மறந்துவிடாதே. இதைப் படித்ததும் போன் செய். நல்ல சேதி எதுவும் இல்லாவிட்டாலும் செய்.

முத்தங்களுடன்,
உன் அம்மா
(தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து எழுத்துப் பிழை சொல்லிக்கொண்டிருக்கும் உன் அப்பாவும்)