பின்னறையில் இருபத்தாறு வருடம்

மார்ச் 4, செவ்வாய்

வீட்டை விற்பதென்று முடிவாகிவிட்டது. நான்காவது மாடி, லிஃப்ட் கிடையாது, எழுபத்திரண்டு படி. இன்று டாக்டரைப் பார்த்துவிட்டு என் மனைவி ஏறி வர இருபது நிமிடம் ஆயிற்று. ஒவ்வொரு திருப்பத்திலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாராவது எதிரே வந்தால் கைப்பையில் எதையோ தேடுவது போல ஒரு பாவனை. முழங்கால் ஆபரேஷனை ஜூனுக்கு மேல் தள்ளக் கூடாது என்றார் டாக்டர். அதன் பிறகு மாடிப்படிப் பேச்சே வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

மகள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு தரைத்தள வீடு பார்த்து வைத்திருக்கிறோம். வாசலில் சின்னதாக ஒரு சிமெண்ட் தளம். அங்கே நாற்காலி போட்டு உட்காருவேன் என்று இவள் இப்போதே இடம் பிடித்துவிட்டாள். வீட்டுக்காரர் மே முடியும் வரை காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். இதை விற்றால்தான் அது.

விலையை நானே போட்டேன். முப்பத்தொரு வருடம் வங்கிக்காக ஊரார் வீட்டையெல்லாம் மதிப்பிட்டவன், சொந்த வீட்டுக்கு விலை போட ஆள் தேடுவேனா? புரோக்கரிடம் கொஞ்சம் மிடுக்காகவே சொன்னேன்.

மார்ச் 9, ஞாயிறு

முதல் குடும்பம் வந்தது. நான்கு நிமிடம் இருந்தார்கள். அந்த அம்மா ஜன்னலைத் திறக்கலாமா என்று கேட்டார். ஜன்னல் திறந்துதான் இருந்தது.

மார்ச் 13, வியாழன்

இன்னும் இரண்டு பேர். "சொல்றோம்" என்றார்கள். சொல்ல மாட்டார்கள்.

மார்ச் 15, சனி

வந்தவர்களை வழியனுப்பிவிட்டு புரோக்கர் மறுபடி மேலே ஏறி வந்தார். மூச்சு வாங்கியது. தப்பாக நினைக்காதீர்கள் என்று ஆரம்பித்தபோதே ஏதோ தப்பு என்று தெரிந்துவிட்டது.

"வீடு பூரா சிகரெட் வாடை சார். கதவத் தெறந்ததுமே மூஞ்சில அடிக்குது."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் ஹாலில் ஒரு நாளும் பிடித்ததில்லை. பின்னறையில்தான், கதவைச் சாத்திக்கொண்டு, ஃபேனைப் போட்டுக்கொண்டு. அதைச் சொன்னேன். அவர் சிரித்தார். "புகைக்குக் கதவு தெரியுமா சார்?"

அவர் போன பிறகு அறை அறையாக மூக்கை இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. இவளைக் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். மூக்கும் அப்படித்தான் போல.

இன்றிலிருந்து மொட்டை மாடியில்தான்.

மார்ச் 16, ஞாயிறு

வேலையில் இருந்தபோது எனக்கு ஒரு வழக்கம். புகை பிடிக்கிற வீடு என்று சந்தேகம் வந்தால் சுவரில் மாட்டியிருப்பது எதையாவது கழற்றிப் பார்ப்பேன். பின்னால் இருக்கும் சுவர்தான் அந்த வீட்டின் நிஜமான நிறம். வித்தியாசம் தெரிந்தால் தயவு தாட்சண்யம் இல்லாமல் மதிப்பைக் குறைத்துவிடுவேன். சிலர் கெஞ்சியிருக்கிறார்கள். "பால் மாதிரி வெள்ளையாத்தானே இருக்கு சார்" என்று ஒருவர் பழுப்புச் சுவரின் மேல் கையை வைத்தே சொன்னார். இதை வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். ஊருக்குத்தான் உபதேசம்.

இன்று காலை ஹால் கடிகாரத்தைக் கழற்றினேன். வெள்ளை வெளேரென்று ஒரு வட்டம்.

இவள் பின்னால் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை. "நாம சுவத்துக்கு வெள்ளையா அடிச்சோம்?" என்றாள். கேலி இல்லை. நிஜமாகவே மறந்துபோயிருந்தாள்.

மார்ச் 22, சனி

பெயிண்டர் வந்தார். எனக்குத் தெரியும் — இந்தக் கறையை முதலில் கழுவ வேண்டும், காய விட வேண்டும், கறையடைக்கும் பூச்சு ஒன்று பூச வேண்டும், அப்புறம்தான் வர்ணம். பத்து நாளாவது ஆகும். அடுத்த ஞாயிறு ஒரு தம்பதி வருகிறார்கள். மேலாக அடித்தால் போதும் என்றேன்.

கறை மேலே வந்துவிடும் என்று அவர் எச்சரித்தார். நீ அடிப்பா என்றேன். இதே வேலையை அடுத்தவன் செய்திருந்தால் அறிக்கையில் என்ன எழுதியிருப்பேன் என்று தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன் என்று எழுத முடியாது, வேறு வார்த்தையில் எழுதியிருப்பேன்.

மார்ச் 30, ஞாயிறு

அவர் பஸ் டிரைவர். மனைவிக்கு ஏழாம் மாதம். படியேறிய களைப்பையும் மீறி அந்தப் பெண் வீட்டை ஆசையாகப் பார்த்தாள். பின்னறையைத்தான் அதிகம் பிடித்தது. காலை வெயில் வரும், குழந்தைக்கு இந்த அறை என்று கணவனிடம் சொன்னாள். பிறகு லேசாக மூக்கைச் சுளித்து, இங்கே யாராவது சிகரெட் பிடிப்பார்களா என்று கேட்டாள்.

"எங்கப்பாவுக்குப் பழக்கம் இருந்துச்சும்மா. அவர் போயி பதினோரு வருஷமாச்சு."

யோசிக்கவே இல்லை. தானாக வந்தது.

இவள் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். கேட்டுவிட்டாள். அவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அடுத்த ஞாயிறு முன்பணம் தருகிறார்கள்.

மார்ச் 31, திங்கள்

அப்பா ஒரு பீடியைக்கூடத் தொட்டதில்லை. நான் பின்னறையில் பற்ற வைத்தால் பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவார். மகனைப் பார்த்து நிறுத்துடா என்று சொல்லக்கூடக் கூச்சப்பட்ட மனுஷன். செத்தவர் வந்து மறுக்கவா போறாரு. அந்தத் தைரியம்தானே எனக்கு? சீ.

ஏப்ரல் 3, வியாழன்

இரண்டு நாளாக மழை. ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தோம். பின்னறைச் சுவரில், புதுப் பெயிண்ட்டின் மேல், பழுப்பாகச் சொட்டுச் சொட்டாக வடிந்திருக்கிறது. துணியால் துடைத்தேன். மாலை மறுபடி வந்துவிட்டது. பெயிண்டரைக் கூப்பிட்டுத் திட்டவும் வழியில்லை. திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான்.

ஏப்ரல் 5, சனி

மகள் தனியாக வந்தாள். எப்போதும் அப்படித்தான். பேத்தியைக் கூட்டி வந்தாலும் ஒரு மணி நேரம், மிஞ்சினால் இரண்டு. ராத்திரி தங்கியதே இல்லை. மாப்பிள்ளைக்கு நம் வீடு ஆகாது, அவர்தான் விடுவதில்லை என்று இவள் நான்கு வருடமாக மனத்தில் வைத்திருக்கிறாள். நானும் ஆமாம் போட்டிருக்கிறேன்.

படி இறங்கும்போது மகளைக் கேட்டேன். வீட்டில் வாடை அடிக்கிறதா, உண்மையைச் சொல் என்றேன். அடுத்த திருப்பத்தில் நின்றாள்.

"இங்க வந்துட்டுப் போனா எங்க வீட்டு வாசல்லயே வச்சு பாப்பா துணிய மாத்திடுவேன்ப்பா. தலைக்குக் குளிப்பாட்டிடுவேன். இல்லன்னா ராத்திரி அவளுக்கு மூச்சு இழுக்கும். அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

அப்ப மாப்பிள்ள? "அவர் எத்தனையோ தடவ இருந்துட்டு வான்னுதான் சொன்னாரு."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அங்கே அப்பா, இங்கே மாப்பிள்ளை. நான் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு ஃபேனுக்கு அடியில்.

ஏப்ரல் 6, ஞாயிறு

முன்பணத்தோடு வந்தார்கள். அந்தப் பெண் அளவு டேப் கொண்டுவந்திருந்தாள். பின்னறைக்குப் போய், சுவரோரம் தொட்டில் எவ்வளவு அகலம் பிடிக்கும் என்று கணவனை ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி அளந்தாள். டேப்பின் மறுமுனை சொட்டு வடிந்த இடத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. காலையில் மூன்று முறை துடைத்த இடம்.

"இந்த ரூம்ல சிகரெட் பிடிச்சது எங்கப்பா இல்லம்மா. நான்தான். இருபத்தாறு வருஷம். போன மாசம் வரைக்கும்."

டேப் படக்கென்று சுருண்டுகொண்டது. சுவருக்குள்ளும் இருக்குமா என்று கேட்டாள். இருக்கும் என்றேன். கழுவினால் போகுமா? குறையும், சட்டென்று போகாது என்றேன். டிரைவர் முன்பணக் கவரைச் சட்டைப்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார். முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார் என்றார். திட்டியிருந்தால் தேவலை.

அவர்கள் போன பிறகு இவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மகளுக்குக் கொடுத்த வாக்கு போனால் போகட்டும் என்று மாப்பிள்ளை விஷயத்தையும் சொன்னேன். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

"மாமா தலையில இருந்து எறக்கிட்டீங்கல்ல. அது போதும்." கொஞ்சம் கழித்து, "மே மாசத்துக்குள்ள வித்துடுமா?" என்றாள்.

விற்றுவிடும் என்றேன்.

ஏப்ரல் 19, சனி

வேறொருவர் வாங்கலாம் என்று அவருடைய வங்கியிலிருந்து மதிப்பீட்டுக்கு ஆள் அனுப்பியிருந்தார். பார்த்தால் என்னிடம் வேலை பழகியவன்! ஒன்பது வருடம் என் கீழே இருந்தான். காபி கொடுத்தோம். பேசிக்கொண்டே இருந்தவன் கடிகாரத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டான்.

கழற்றிப் பாருப்பா என்றேன். நான் கற்றுக்கொடுத்ததுதானே. பெயிண்ட் அடித்தும் வட்டம் தெரிந்தது. கறை இல்லாத அந்த இடத்தில் மட்டும் புதிய வெள்ளை சுத்தமாக இருந்தது, சுற்றிலும் மங்கியிருந்தது. பேனாவை வைத்துக்கொண்டு தயங்கினான். எழுது என்றேன். எட்டில் ஒரு பங்கு குறைத்தான். நானாக இருந்தால் ஆறில் ஒரு பங்கு.

வாங்க வந்தவரும் பின்வாங்கிவிட்டார்.

ஏப்ரல் 28, திங்கள்

அந்தத் தரைத்தள வீடு கைவிட்டுப் போயிற்று. வீட்டுக்காரரே போனில் சொன்னார். அவர் மேல் குற்றமில்லை, இந்த விலைக்கு நமக்கு எட்டவும் எட்டாது. இவளிடம் சொன்னேன். "சரி" என்றாள். பிறகு முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிட்டாள்.

மே 14, புதன்

ஆபரேஷன் ஜூன் 12. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே மகள் வீட்டுக்கு. என்னையும் வரச் சொல்கிறார்கள். மாப்பிள்ளையும் போன் செய்தார். வீடு பார்க்க ஆள் வருவார்கள் என்று சொல்லிவிட்டேன். உண்மை அதில்லை. இன்னும் ஒரு நாளைக்கு நான்கு பிடிக்கிறேன். பேத்தி இருக்கும் வீட்டுக்கு இந்தச் சட்டையோடு எந்த முகத்தோடு போவது?

ஜூன் 11, புதன்

கடைசி முறையாக எழுபத்திரண்டு படி இறங்கினாள். பாதி வழியில் உட்கார்ந்து, "இனிமே ஏற வேண்டாம்ல" என்றாள். சந்தோஷமாகச் சொன்னாளா, வீடு அமையாத வருத்தத்திலா? முகத்தைப் பார்க்க முடியவில்லை, கீழ்ப்படியில் நின்று அவள் செருப்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

நல்லபடியாக இருக்கிறாள். நான் சுவர் கழுவுகிறேன். போட்ட பெயிண்ட்டைச் சுரண்டி, சோப்புத் தண்ணீரில். வாளித் தண்ணீர் டீ நிறத்தில் இறங்குகிறது. பின்னறைக்கு மட்டும் பதினான்கு வாளி.

போனில் இவள் சொன்னாள், மாப்பிள்ளைதான் காலையும் மாலையும் முழங்காலை மடக்கி நீட்டிப் பயிற்சி கொடுக்கிறாராம். "அந்தப் புள்ளயப் போயி நாலு வருஷம்..." என்று நிறுத்திவிட்டாள்.

ஜூன் 30, திங்கள்

இன்று ஒன்றுகூடப் பிடிக்கவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

இன்று இரண்டு.

ஜூலை 20, ஞாயிறு

விற்றாயிற்று. ஆபீஸ் போடப் போகிறவர். பூச்சையெல்லாம் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசப் போகிறாராம், வாடை அவருக்கு ஒரு பொருட்டில்லை. அதைச் சொல்லியே விலையை இன்னும் இறக்கினார். மகள் வீட்டுக்கு இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் ஓர் அறையும் சமையலறையும் உள்ள தரைத்தள வீடு கிடைத்திருக்கிறது. வாசல் நேரே ரோட்டில். நாற்காலி போட இடமில்லை.

கடைசியாகப் பிடித்துப் பதினெட்டு நாளாயிற்று. இதைப் பெருமையாக எழுத வரவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இவளுடைய புடவைகளைப் பெட்டியில் அடுக்கி மகள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். கம்பை ஊன்றி அவளே எழுந்து வந்து கட்டிலில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தாள். திறந்த கை அப்படியே நின்றுவிட்டது. மேலே இருந்த நீலப் புடவையை முகத்தருகே கொண்டுபோனாள். அடுத்ததை எடுத்தாள். அதற்கடுத்ததை. இரண்டு மாதம் அந்த வீட்டில் இல்லை, அவ்வளவுதான். மூக்கு திரும்ப வந்துவிட்டது.

"இதக் கட்டிட்டுத்தானே தெனமும் ஸ்கூல் ஆபீசுக்குப் போனேன்?" என்றாள்.

நான் பெட்டி மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மத்தியானம் எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுவாங்க. நான் போனா ஒவ்வொருத்தரா எந்திரிச்சுடுவாங்க. அப்புறம் நானே தனியா சாப்பிட ஆரம்பிச்சேன். எனக்குத்தான் பழகத் தெரியலன்னு நெனச்சுட்டிருந்தேங்க. இருபது வருஷமா."

ஸ்கூல் ஆபீசில் வேலை பார்த்த இருபது வருடத்தில் வீட்டுக்கு வந்து ஒரு நாளும் இதைச் சொன்னதில்லை. தனியாகச் சாப்பிடுவதுதான் பிடிக்கும் என்று சொல்லியிருக்கிறாள், நானும் நம்பியிருக்கிறேன். அவள் அழவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. புடவைகளை ஒவ்வொன்றாக உதறித் தரையில் போட்டாள்.

மொத்தம் முப்பத்தொரு புடவை இருக்கிறது. நான்கைத் துவைத்துக் காயப் போட்டிருக்கிறேன்.