ஏற்காட்டுக்கு வந்த ஏர்கூலர்

நேற்று சேலத்தில் மகன் வீட்டில் புது ஏர்கூலரை ஓடவிட்டார்கள். தண்ணீரில் நனைந்த அதன் புல்தட்டி வாடை வந்தது. எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். "ஏனுங் மாமா, காத்து ஒத்துக்கலீங்களா?" என்று மருமகள் பின்னாலேயே வந்தாள். அவளுக்கு உன்னைத் தெரியாது. என்னவென்று சொல்ல?

நம் பேங்கின் ஏற்காடு கிளையில் நீ கேஷியர், நான் பக்கத்துக் கவுண்டரில் கிளார்க். கம்பிவலை அடித்த உன் கூண்டு வடக்குச் சுவரை ஒட்டி இருந்தது. கார்த்திகை பிறந்தால் அந்தச் சுவரில் ஈரம் கோத்துக்கொள்ளும், உனக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்துவிடும். பணத்தை விட்டு எழுந்து வெயிலுக்குப் போகவும் முடியாது. முன்பெல்லாம் எது வேண்டுமென்றாலும் மேனேஜர் ஒண்டிக்கடை பஜாருக்கு ஆள் அனுப்பி வாங்கிவிடுவார். தொண்ணூறுகளில் வட்டார அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. குண்டூசி முதல் நாற்காலி வரை இனி அதன் வழியாகத்தான், கிளையில் எதையும் வாங்கக் கூடாது என்று உத்தரவும் வந்தது.

நாம் கேட்டது ஒரு ரூம் ஹீட்டர். வந்தது ஏர்கூலர். சேலம் வட்டாரம் முழுக்க வெயில் ஊர் என்று எவனோ கம்ப்யூட்டரில் ஏற்றிவைத்திருந்தான், அந்தப் பட்டியலில் ஹீட்டரே கிடையாது. போன் போட்டால், "கம்ப்யூட்டர்ல இல்லீங்க, நாங்க என்ன பண்றது?" என்றார்கள். நான் கத்தினேன். நீ சிரித்தாய்.

"உடுப்பா. அந்தப் பொட்டி நம்ம மலைய எங்க பாத்துச்சு?"

மறுநாள் உன் ஊர் வாழவந்தியிலிருந்து உன் வீட்டு ஹீட்டரை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாய்.

அந்த ஆண்டு, சாமான்கள் தாமதமில்லாமல் போய்ச் சேர்ந்த கிளை என்று நமக்கு ஷீல்டு கொடுத்தார்கள். கேட்டது வந்ததா என்று யாரும் பார்க்கவில்லை. ஷீல்டோடு வந்த வட்டார அதிகாரி ஸ்வெட்டரும் மப்ளருமாக நின்றுகொண்டு, கூலரை ஓடவிட்டுப் போட்டோ எடுக்கச் சொன்னார். வெளியே மூடுபனி. நீ இருமிக்கொண்டே நின்றாய். பிறகு அவர் உன் கூண்டுக்குள் இருந்த ஹீட்டரை எட்டிப் பார்த்தார்.

"இது பேங்க் சொத்தா?"

"இல்லீங்க சார், என்ற ஊட்டுதுங்க. நொம்ப இழுக்குதுங்க, அதான்."

"கணக்குல இல்லாத பொருள் இங்க இருக்கக் கூடாது. எடுத்துடுங்க."

சொல்லிவிட்டு உட்கார்ந்து கேசரி சாப்பிட்டார். விரல்களை ஒவ்வொன்றாக நக்கினார். இத்தனை காலத்துக்குப் பிறகும் அந்த விரல்களை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

நீ ஹீட்டரை வீட்டுக்கே எடுத்துப் போனாய். அந்த மார்கழியிலேயே இழுப்பு முற்றி நீ போய்விட்டாய். வாழவந்தியில் உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்த மறுநாள், வட்டார அலுவலகம் அனுப்பிய மலர்வளையம் கிளைக்கு வந்து சேர்ந்தது. அதையும் கம்ப்யூட்டர் வழியாகத்தான் ஆர்டர் செய்திருந்தார்கள். கல்லறைக்கு எடுத்துப்போகச் சொன்னேன். கொண்டுவந்தவர் மறுத்தார்.

"கிளை அட்ரஸ்தானுங்க போட்டிருக்குது. நல்லபடியா வந்துச்சுன்னு ஒரு கையெழுத்துப் போடுங்க."

நான் போடவில்லை. "போட்டுடு சாமி, அடுத்த ஷீல்டு போயிரும்" என்று மேனேஜர் கெஞ்சினார். அப்போதும் போடவில்லை. கிளையின் பெயரைக் கெடுத்ததாக எனக்கு மெமோ வந்தது. என் சர்வீஸிலேயே நான் வாங்கிய ஒரே மெமோ. அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். மலர்வளையத்துக்கு அதில் ஒரு நம்பர் போட்டிருக்கிறார்கள். உன் பெயர் எங்கும் இல்லை.