கர்ச்சீப் போட்ட இடம்

அக்கா,

இன்று காலை மாரிகுப்பம் ஸ்டேஷனில், ஜன்னல் கம்பிக்கு நடுவே கையை விட்டு உங்கள் நீலக் கட்டம் போட்ட கர்ச்சீப்பை சீட்டில் போட்டேன். இரண்டு முறை துவைத்துவிட்டேன், இன்னும் உங்கள் தலைவலித் தைலம் வாசனை போகவில்லை. நீங்கள் போய் ஒன்றேகால் வருஷம் ஆகிறது.

பன்னிரண்டு வருஷம் இந்த வண்டியில்தான் நாம் பெங்களூருக்கு வேலைக்குப் போனோம். நீங்கள் தையல் கம்பெனிக்கு, நான் ஓர் ஆபீசில் கூட்டிப் பெருக்க. வண்டி இங்கே காலியாகத்தான் வந்து நிற்கும். ஆனாலும் கர்ச்சீப் போடத் தெரியாதவர்கள் கடைசி வரை நின்றுகொண்டே போகவேண்டியதுதான். ஜூன் பிறந்தால் நீங்கள் மட்டும் இரண்டு போடுவீர்கள். ஒன்று உங்களுக்கு. இன்னொன்று, அந்த வருஷம் ஐ.டி.ஐ.க்கோ டிப்ளமோவுக்கோ வேலைக்கோ முதன்முதலாகக் கிளம்பும் ஏதாவதொரு பிள்ளைக்கு.

ஆண்டர்சன்பேட்டையில் யார் வீட்டுப் பிள்ளை பத்தாவதோடு நின்றுவிட்டது, யார் பி.யு.சி.யில் கோட்டைவிட்டது, எல்லாம் உங்களுக்கு அத்துப்படி. பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி, “டி.சி. வாங்கிட்டியா?” அதனால் வண்டியில் உங்களுக்கு டி.சி. அக்கா என்றே பெயர். புதிதாக வந்த ஒருவர், டிக்கெட் பரிசோதகர் என்று நினைத்து அடுத்த பெட்டிக்கே ஓடிவிட்டார். பங்காருபேட்டை வரை சிரித்தோம்.

எதற்கு இந்தப் பிள்ளைகளுக்கு இவ்வளவு உபசாரம் என்று ஒருநாள் கேட்டேன். “எங்கப்பா சொல்வாரு. மொத நாள் கேஜ்ல எறங்குறவன் தோள்மேல யாராவது ஒருத்தன் கை வெச்சிகினே போவானாம். இதுவும் கேஜ்தான்டி. மொத வாரம் நின்னுகினு போற புள்ள ரெண்டாவது வாரம் வராது” என்றீர்கள். மூடிப்போன தங்கச் சுரங்கத்தின் கூண்டைக் கண்ணால்கூடப் பார்க்காத பிள்ளைகள் அவர்கள். ஆனால் நீங்கள் உட்காரவைத்துக் கூட்டிப்போன யாரும் பாதியில் நின்றதாக எனக்கு நினைவில்லை.

என் தேன்மொழி பி.யு.சி. கணக்கில் தோற்றபோது, நான் கேட்காமலே ஃபாரம் வாங்கி வந்தீர்கள். லேப் டெக்னீசியன் டிப்ளமோ. எஸ்.எஸ்.எல்.சி. மார்க்கே போதும் என்றீர்கள். உங்கள் குண்டுக் கன்னட எழுத்தில் எல்லாம் நிரப்பியிருந்தது. பெற்றோர் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. எனக்கோ ஒசூர் சம்பந்தம் கைகூடி வந்த நேரம்.

“கையெழுத்துப் போடுடி. கல்யாணம் இன்னா ஓடியா போவுது?”

எனக்கு வாய் நீளம் என்பது ஊரறிந்த விஷயம். அன்றைக்கு அது உங்களைப் பார்த்து நீண்டது. “உங்களுக்கு ஒரு பொண்ணு இருந்தா தெரியும்” என்று சொல்லிவிட்டேன்.

ஃபாரத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டீர்கள். மறுநாள் உங்கள் பக்கத்து சீட்டில் இந்த நீலக் கர்ச்சீப் கிடந்தது. நான் நாலு சீட்டு தள்ளி முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கூட்டத்தில் யாரோ கேட்டார்கள், “ஆளு வராங்களா?” “வராங்க” என்றீர்கள். அந்த ஜூன் முழுக்க அதே கேள்வி, அதே பதில். ஆள் வரவில்லை. ஆவணியில் நான் தேன்மொழி கல்யாணத்தை முடித்தேன்.

அதற்குப் பிறகு மூன்று வருஷத்துக்கு மேல் நமக்குள் தலையாட்டல் மட்டும்தான். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொண்டு ஏறுவேன், நாளைக்குப் பார்க்கலாம் என்று இறங்குவேன். அந்த நாளைக்குள் நீங்கள் போய்விட்டீர்கள். பதினாறாம் நாள் உங்கள் தம்பி ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்து கொடுத்தார். “அக்கா உங்ககிட்ட குடுக்கச் சொல்லிச்சு.” உள்ளே கர்ச்சீப். அதற்குள் மடித்து, அந்த ஃபாரம். நான் கையெழுத்துப் போட மறுத்த இடம் அப்படியே காலியாக இருந்தது.

நீங்கள் போன மூன்றே மாதத்தில் தேன்மொழி கைக்குழந்தையோடு திரும்பி வந்துவிட்டாள். என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை, கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. இந்த மே மாதம்தான் மனம் துணிந்து ஃபாரத்தை அவள் முன்னால் வைத்தேன். எழுத்தின்மேல் விரலை ஓட்டினாள். “பெரியம்மா எழுத்தும்மா இது. அப்பவே இது இருந்துதா?” என்றாள். திட்டியிருந்தாலாவது தாங்கியிருப்பேன். நாலைந்து வருஷத்தை நான் எங்கேயிருந்து எடுத்துக் கொடுப்பது?

மறுநாள் அவளே போய்ப் புது ஃபாரம் வாங்கி வந்தாள். அவள் கேட்பதற்கு முன்பே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

இன்று முதல் நாள். குழந்தை தேன்மொழியின் காலைக் கட்டிக்கொண்டு விடவில்லை, நீ முன்னால் போம்மா என்றாள். கர்ச்சீப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கூட்டம் ஏறியது. கூடையோடு வந்த ஒரு அம்மா கேட்டாள், “ஆளு வராங்களா?”

“வராங்க” என்றேன். ஒரு தடவை சொல்வதே எனக்குப் பெரும்பாடாக இருந்தது. நீங்கள் எப்படி அக்கா ஒரு மாதம் முழுக்கச் சொன்னீர்கள், நான் காதில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க?

வண்டி நகரப்போகும் நேரத்தில் தேன்மொழி ஓடிவந்து ஏறினாள். கர்ச்சீப்பை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அவள் தோள்மேல் கை வைத்துக்கொண்டேன்.

ஆளு வந்துட்டா, அக்கா.